குழாய் கேட்பதும் சுகாதார வேலைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சாஸ்–மெக்சிகோ எல்லையில் இருக்கும், கொலோனியா எனப்படும் ஏழைக் குடியிருப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் மருத்துவ முகாம்களில் தன்னார்வலராக இருக்கிறேன். அங்கே தொண்டு செய்ய வந்தவர்கள் கூட்டம், மனு என்று இறங்கியதுதான் எனக்கு ஒட்டவில்லை. சேவைக்கு அரசியல் எதற்கு?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

அந்த வீடுகளுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய நிலங்களை மனை போட்டு ஏழைக் குடும்பங்களுக்கு விற்றார்கள். குழாயும் இல்லை, சாக்கடையும் இல்லை. அப்போதெல்லாம் கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் கைக்கு வராது. நடுவில் தவறினால் மனையும் போச்சு, அதில் கட்டிய வீடும் போச்சு. கழிவுநீர்க் குழிக்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத கிணறு. கிணறு இல்லாதவர்கள் லாரித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தார்கள். ரசாயனம் வந்த பழைய பீப்பாய்களும் அதில் உண்டு. வயிற்றுப்போக்கும் ஹெபடைடிஸ் ஏ காமாலையும் பரவ வேறென்ன வேண்டும்?

வீடு வீடாகச் சுகாதாரம் சொல்லித்தரும், ப்ரொமோதோரா என்று அழைக்கப்படும் பெண்கள் அதே தெருக்களில் குடியிருப்பவர்கள், ஸ்பானிஷ் பேசுபவர்கள். அவர்கள் சொன்னால் மக்கள் கேட்கிறார்கள். அந்தப் பணியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் கையைக் கழுவச் சொன்னால் கழுவத் தண்ணீர் வேண்டுமே!

அதைத்தான் எல் பாசோ நகரில் எபிசோ (EPISO), ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வேலி இன்டர்ஃபெய்த் (Valley Interfaith) என்று தேவாலயங்களை ஒட்டி உருவான அமைப்புகள் கேட்டன. அரசியல்வாதிகளை அழைத்துவந்து தெருக்களைக் காட்டினார்கள். வேட்பாளர்களை மேடையேற்றி, 'செய்வீர்களா, மாட்டீர்களா?' என்று கேட்டார்கள். எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்டுப் போகவில்லை. 1989இல் இந்தக் குடியிருப்புகளின் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் டெக்சாஸ் சட்டமன்றம் தனித்திட்டம் கொண்டுவந்தது. 1989, 1991 வாக்கெடுப்புகளில் அதற்காக மொத்தம் 25 கோடி டாலர் கடன்பத்திரங்களுக்கு மாநில மக்கள் ஒப்புதல் தந்தார்கள். எந்த முகாமாலும் இவ்வளவு பணத்தைத் திரட்டியிருக்க முடியாது.

அப்புறமும் இழுபறிதான். தெருவரை குழாய் வந்த இடங்களிலும், வீட்டுக் குழாய் அமைப்பு விதிப்படி இல்லையென்றால் இணைப்புக் கிடைக்காது. அதைச் சரிசெய்யக் குடும்பத்திடம் காசு இருக்காது. மறுபடி மனு. பண்ணைத் தொழிலாளர் தலைவர்களான சீசர் சாவேஸும் டோலரஸ் உயெர்ட்டாவும் தொடங்கிய லூப்பே (LUPE) அமைப்பு, ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் தெருவிளக்குக்கும் மழைநீர் வடிகாலுக்கும் போராடி வருகிறது.

உங்கள் முகாமை விட்டுவிடாதீர்கள். ஒரே தெருவிலிருந்து ஒரே நோயோடு பலர் வந்தால், அந்தத் தெருவைக் குறித்துக்கொண்டு உரிய அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது அந்தத் தெருக்காரர்களையும் கூட்டிப்போய் அவர்களையே பேச விடுங்கள்.