பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு கைக்குழந்தையை விடலாமா?

கேள்வி: மகளுக்கு 8 மாதம். திருநகரில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். மாலை 4 மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளும் அதே கூடத்துக்கு வந்துவிடுகிறார்கள். இது சரியா?

பதில்: ஒன்றாக இருப்பதில் தப்பில்லை. பெரிய பிள்ளைகளின் பேச்சும் பாட்டும் கைக்குழந்தைக்கு நல்லதுதான். ஆனால் காலை 10 மணிக்குப் பார்த்த காப்பகம் வேறு, மாலை காப்பகம் வேறு. ஒருநாள் சொல்லாமல் 4.15-க்குப் போய் நில்லுங்கள்.

முதலில் புத்தகப் பைகளைப் பாருங்கள். தரையில் கிடந்தால் அழிரப்பர், ஷார்ப்னர் பிளேடு, கோலிக்குண்டு, தின்று மிச்சம் வைத்த கடலைமிட்டாய் எல்லாம் தவழும் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கும் பொருள் எதுவும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. பத்து ரூபாய் நாணயமே 2.7 செ.மீ.தான். பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரி இன்னும் மோசம்: உணவுக்குழாயில் மாட்டினால் 2 மணி நேரத்திலேயே வெந்துவிடும். பைகள் வாசலிலேயே ஆணியில் தொங்க வேண்டும். தின்பண்டம் மேசையில் மட்டும். தின்று முடித்ததும் தரையைக் கூட்ட வேண்டும்.

தவழும் இடத்துக்கு இரண்டடி உயரத் தடுப்பு வேண்டும், கம்பி இடைவெளி 6 செ.மீ.க்கு மிகாமல். ஆறு வயது அக்கா பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு டைல்ஸ் தரையில் நடப்பது பார்க்க அழகுதான்; வழுக்கினால் அடி பாப்பாவின் தலைக்கு. உட்கார்ந்தபடி கொஞ்சலாம், தூக்கக் கூடாது என்பதைச் சட்டமாகவே வைக்கச் சொல்லுங்கள். தூங்கும் குழந்தை தனி அறையில், மல்லாந்து.

தட்டம்மைக்கான முதல் ஊசி 9 மாதம் முடிந்துதான் போடுவார்கள். உங்கள் மகளுக்கு அது இன்னும் இல்லை. அந்த நோயோ தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவும். பள்ளிப் பிள்ளைகள் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் உதவும், தட்டம்மைக்குப் போதாது. காய்ச்சல் அடிக்கும் பிள்ளையை அன்றே வீட்டுக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்.

மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல், 3 வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்கிறது. கைக்குழந்தைகளுக்கு அது பத்தவே பத்தாது. நாலு பேருக்கு ஒருவர் இருந்தால் நல்லது. அதிலும் மாலையில் கேட்டைத் திறக்க, பையை எடுத்துக்கொடுக்க என்று ஆயா ஓடிக்கொண்டே இருப்பார். தடுப்பை விட்டு நகராத ஒரு ஆயா 4 முதல் 6 வரை உண்டா? இல்லையென்றால் அந்த இரண்டு மணி நேரமும் மகளைத் தனி அறையில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.