ஏரியில் எத்தனை மீன்?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே, சோலை ஓரத்தில் சின்ன ஏரி. படகும் கிடையாது, கட்டடமும் கிடையாது. அதிலுள்ள மீன்களைக் கணக்கெடுக்க முடியுமா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாக முடியும். முதலில் வனத்துறை, மீன்வளத்துறை அனுமதி வாங்குங்கள். அப்புறம் இழுவலை போட்டுப் பிடித்த மீன்களின் வால் துடுப்பில் ஒரு சிறு நுனியை மட்டும் அடையாளமாக வெட்டி, மீனை ஏரியிலேயே விட்டுவிடுங்கள். கையை நனைக்காமல் மீனைத் தொடாதீர்கள், மேல்வழுவழுப்பு போனால் நோய் பிடிக்கும். தங்கூசி வலை, அதாவது மெல்லிய நைலான் இழை வலை, வேண்டவே வேண்டாம். செவுளில் மாட்டிய மீன் பெரும்பாலும் பிழைக்காது, எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

சில நாள் கழித்து, அவை ஏரி முழுக்கக் கலந்தபின், மறுபடி பிடியுங்கள். முதலில் 60 மீனுக்கு அடையாளமிட்டீர்கள், இப்போது சிக்கிய 50-இல் 10 அடையாளத்தோடு இருக்கிறது என்றால், 60-ஐ 50-ஆல் பெருக்கி 10-ஆல் வகுங்கள்: சுமார் 300. வலைக்கண்ணில் நழுவும் குஞ்சுகள் இதில் சேராது.

நீளத்தையும் குறித்து வையுங்கள். எல்லாம் பெரிதாகவே இருந்தால் அங்கே குஞ்சு தேறவில்லையோ என்று பார்க்க வேண்டும். பெரிய செதில் சிலதே உள்ள கண்ணாடிக் கெண்டை கிடைத்தால், அது வந்தேறி. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த இனம். அதைத் தனியாக எண்ணுங்கள்.