சவுதி அரேபியாவுக்காகப் பேச வேண்டிய காசிமேட்டுப் பெண்

ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு வகுப்பில் மாதிரி ஐ.நா. விவாதம், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டின் பிரதிநிதியாகப் பேச வேண்டும். பொருள், பிளாஸ்டிக் மாசு. அவளுக்குக் கிடைத்த நாடு சவுதி அரேபியா. "பிளாஸ்டிக்கை அடியோடு தடை செய்ய வேண்டும்" என்று பேசியிருக்கிறாள். மதிப்பெண் குறைந்ததும் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷம் பொதுத்தேர்வு இருக்க, இது தேவையா, இதனால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா, வலையில் மீனோடு பிளாஸ்டிக் பையும் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அப்படித்தான் பேசுவாள். அதற்காக அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் இந்த விவாதத்தில் சொந்தக் கருத்துக்கு இடமில்லை. கொடுத்த நாடு என்ன சொல்கிறதோ, அதைத்தான் பேச வேண்டும். முதல் தடவை பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்.

2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, பிளாஸ்டிக் மாசுக்கு எதிராகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று முடிவெடுத்தது. 2024இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனிவாவிலும் பேசியும் உடன்பாடு வரவில்லை. முக்கியமான முடிச்சு, உற்பத்திக்கு உச்சவரம்பு. பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் கச்சா எண்ணெயும் எரிவாயுவும். அதனால் சவுதி போன்ற நாடுகள் உற்பத்தியைத் தொடாதீர்கள், குப்பையைச் சேகரித்து மறுசுழற்சி செய்யுங்கள் என்கின்றன. நார்வேயும் ருவாண்டாவும் தலைமை தாங்கும் அணி உற்பத்தியையே குறைக்கச் சொல்கிறது. இந்தியாவும் உற்பத்தி வரம்பை ஏற்கவில்லை; இதைச் சொன்னால் உங்கள் மகளுக்கே வியப்பாக இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உள்ள தடை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சில பொருள்களுக்கானது. உற்பத்தி வரம்பு அதிலிருந்து வேறு.

தயாரிப்புக்கு வாரத்தில் ஐந்து மணி நேரம் போதும். அதில் இரண்டு மணி நேரம், அந்த நாடு பேச்சுவார்த்தையில் கொடுத்த அறிக்கைகளைப் படிக்க, அவை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தளத்தில் உள்ளன. பிறகு ஒரே பக்கத்தில் நிலைப்பாட்டுக் குறிப்பு: பிரச்சினை என்ன, நாடு இதுவரை என்ன செய்தது, இப்போது என்ன கேட்கிறது. அறுபது விநாடிப் பேச்சு என்றால் தமிழில் நூறு சொல்லைத் தாண்டக் கூடாது. முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்தால் ஒரு வரி மறந்ததும் மொத்தமும் நின்றுவிடும். ஒரு அட்டையில் மூன்று குறிப்பு மட்டும் போதும். "நான்" வேண்டாம், "எங்கள் நாடு" என்றே தொடங்கட்டும். வருகைப் பதிவில் "இருக்கிறோம், வாக்களிக்கிறோம்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டால், பிறகு வாக்களிக்காமல் ஒதுங்க முடியாது. வெறும் "இருக்கிறோம்" என்றால் அந்த வழி திறந்திருக்கும்.

மேடைக் கூச்சம் உள்ள பிள்ளைக்கு உண்மையான இடம், மேடையை விட்டு இறங்கி மற்ற நாடுகளோடு தனியாகப் பேசும் இடைவேளைப் பேச்சு. சவுதியைப் போலவே பேசும் ரஷ்யா, ஈரான், குவைத் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று தேடிப்பிடித்து, வரைவுத் தீர்மானத்தை எழுதும் பேனாவை அவள் கையில் வாங்கிக்கொள்ளட்டும். பேரவை போன்ற மன்றத்தில் "வலியுறுத்துகிறது", "கேட்டுக்கொள்கிறது" என்று எழுதலாம். "கட்டளையிடுகிறது" என்று எழுதினால் ஆசிரியர் அந்தச் சொல்லை வெட்டிவிடுவார். உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் முடிவு எடுப்பது பாதுகாப்பு மன்றத்தின் அதிகாரம். இன்னொன்று: வகுப்பில் வாக்கெடுத்து முடித்துவிடுவார்கள். நிஜப் பேச்சுவார்த்தையில் ஒருமித்த கருத்தைத் தேடினார்கள், அதனால்தான் சில நாடுகளே இழுத்துப் பிடிக்க முடிந்தது. அவள் பேசும்போது இதைச் சொன்னால் நன்றாக எடுபடும்.

வேலைக்கு வருவோம். இந்தச் சான்றிதழைக் காட்டி எந்தக் கல்லூரி சீட்டும் வாங்க முடியாது. பெரிய ஓட்டல்களில் பணம் கட்டி நடக்கும் மாநாடுகளுக்கு இப்போது அனுப்ப வேண்டாம், வகுப்பறையே போதும். சட்டம் படிக்க ஆசைப்பட்டால் பிளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் சரி. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வில் நாட்டுநடப்புக்கும் சட்டத் தர்க்கத்துக்கும் தனிப் பகுதிகள் உண்டு. வெளியுறவுப் பணிக்கு ஏதாவது ஒரு பட்டம், 21 வயது, யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு. அதன் முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கு 250 மதிப்பெண். பொது அறிவு இரண்டாம் தாளில் சர்வதேச உறவுகள் வரும். கட்டுரையையும் பொது அறிவுத் தாள்களையும் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் வராது என்று இப்போதே கதவைச் சாத்திவிடாதீர்கள்.

அவள் மனம் கடலிலேயே நிற்கிறது என்றால், பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அதற்குப் பதினொன்றாவதில் உயிரியல் உள்ள குரூப் வேண்டும். எனவே குரூப் தேர்ந்தெடுக்கும் முன், அந்த விவாதத்தில் அவளுக்கு எது பிடித்தது, பேச்சா, எழுத்தா, கடலா என்று கேளுங்கள்.