முனைக்குப் பின்னால் சாயம் ஏன் தேங்குகிறது?
நீரின் போக்கைப் பார்க்க நீங்கள் கடலில் விட்ட சாயம், வற்றம் வந்து நீர் இறங்கிய பிறகும் முனைக்கு, அதாவது கடலுக்குள் நீண்டிருக்கும் நிலத்துக்குப் பின்னாலேயே நிற்கிறது என்றால், பெரும்பாலும் அங்கே ஓதச் சுழல் (கடலின் ஏற்ற வற்ற ஓட்டத்தால் உண்டாகும் நீர்ச்சுழல்) இருக்கிறது. நீரோட்டம் முனையில் கரையை விட்டுப் பிரிய, பின்பக்கத்து நீர் வட்டமடிக்கிறது. சுழலுக்குள் சாயம் நன்றாகவே கலக்கும். விளிம்பைத் தாண்டுவதுதான் மெதுவாக நடக்கும்.

மிதவைக்குக் கீழே தண்ணீருக்குள் சிறு துணிப்பாய் கட்டி விட்டுப் பாருங்கள், காற்று அதை அவ்வளவாக இழுக்காது. அது வட்டமடித்தால் சுழல்தான். அப்புறம் சுழலின் நடுவிலும் வெளியிலும் மாதிரி எடுங்கள். அடி நீரையும் கட்டாயம் எடுங்கள்: தரை உராய்வால் அது மையத்தை நோக்கி நகர்ந்து அங்கே மேலெழக்கூடும்.

ஓட்டம் திரும்பும்போது சுழல் கழன்று, தேங்கியதை மொத்தமாக வேறிடம் கொண்டுபோகலாம். நாளுக்கு இரு ஏற்றம் உள்ள கடலென்றால் சுமார் 12 மணி 25 நிமிடம், அதாவது ஒரு முழு ஏற்ற வற்றச் சுற்று, அளந்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.