பஸ்காவில் சோற்றுக்கஞ்சி: ரபி சொன்ன தடை எந்த வகை?

கேள்வி: இஸ்ரேலில் ஒரு யூதப் பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அவர் போலந்து வழி அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய யூத மரபினர். வயிறு சரியில்லை, சோற்றுக்கஞ்சி கொடுங்கள் என்றார் டாக்டர். புளித்த தானிய உணவை விலக்கும் பஸ்கா பண்டிகை வாரம் என்பதால் பாட்டி ரபிக்கு (யூத மதகுருவுக்கு) போன் செய்து அரிசி சாப்பிடலாமா என்று கேட்டார். 'கூடாது, தோராவின் தடை' என்றாராம் ரபி. தோரா என்றால் மோசேயின் வேத நூல். பக்கத்து வீட்டு ஈராக் யூதர்களோ அதே வாரம் சோறு சமைக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அரிசியைத் தோரா தடுக்கவில்லை, சகோதரி. கோதுமை, பார்லி முதலான ஐந்து தானியங்கள் புளித்தால்தான் அந்தத் தடை. அரிசியையும் அதில் சேர்த்தவர் பழங்கால ரபி யோகனான் பென் நூரி. மற்ற அறிஞர்கள் ஏற்கவில்லை. பஸ்கா இரவு விருந்துக்கு பீட்டும் சோறும் வைக்கலாம் என்று ராவ் ஹூனா என்ற அறிஞர் சொன்னதே, பழங்கால ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத்தில் இருக்கிறது. அரிசி, பருப்பை விலக்குவது இடைக்கால ஐரோப்பாவில் வந்த வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகர ரபி மோஷே இசர்லெஸ் அதை உறுதிப்படுத்தியதால் அஷ்கெனாசிகளை அது கட்டுப்படுத்துகிறது. பாட்டி அதை மதிப்பது முறைதான்.

ஆனால் வழக்கத்தை வழக்கம் என்று சொல்லித்தான் தடுக்க வேண்டும். தோராவின் தடை என்றால் உயிருக்கு ஆபத்து வந்தால்தான் விலக்கு. வழக்கம் என்றால், ஆபத்தில்லாத நோயாளிக்கும் தேவைப்பட்டால் அரிசி சமைத்துக் கொடுக்கலாம் என்கிறது அஷ்கெனாசிகள் பெரிதும் மதிக்கும் மிஷ்னா பெரூரா என்ற சட்ட நூல். அந்த ஒற்றைச் சொல் பாட்டியின் கஞ்சியையே பறித்துவிட்டது.

தடையின் வகையை மாற்றிச் சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு ஓர் உதாரணம்: பாலோடு கோழிக்கறி கூடாது என்பது ரபிகள் விதித்த தடை. அதைத் தோராவின் தடை என்று ஒரு நீதிமன்றம் சொன்னால், அது தோராவோடு கூட்டிச் சேர்த்த குற்றம் என்கிறார் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிதீஸ். 17ஆம் நூற்றாண்டின் ரபி ஷப்தாய் ஹகோஹென் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: சந்தேகத்தால் தடுக்கும் ரபி, தடை தெளிவானதல்ல என்பதைக் கேட்டவரிடம் சொல்லியாக வேண்டும்.

உண்மையைச் சொன்னால் மக்கள் வழக்கத்தை லேசாக எடுத்துக்கொள்வார்கள் என்று சில ரபிகள் பயப்படுகிறார்கள். கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தால் பேசாமல் இருக்க தல்மூத்தும் இடம் தருகிறது. ஆனால் பேசாமல் இருப்பது வேறு, இல்லாத தடையைத் தோராவின் பெயரில் சொல்வது வேறு. என் மனம் இதில் துளியும் இளகாது. நம்பிக் கேட்பவரிடம் சட்டத்தின் பெயரால் பொய் சொல்லக் கூடாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பாட்டிக்குத் தெரியாமல் கஞ்சி கொடுத்துவிடாதீர்கள். பாட்டியோ அவர் பிள்ளைகளோ அதே ரபியிடம் மறுபடி கேட்கட்டும். ஒருவர் தடுத்ததை இன்னொரு ரபியிடம் போய் அனுமதியாக வாங்குவது முறையல்ல. நோயையும் டாக்டர் சொன்னதையும் முதலிலேயே சொல்லட்டும். போனில் அது விடுபட்டிருக்கலாம். அப்புறம் நேராகவே கேட்கலாம்: "இது தோராவா, ரபிகள் விதித்ததா, வழக்கமா, உங்கள் எச்சரிக்கையா?" பதிலை மாற்றுவது ரபிக்கு இழுக்கல்ல. பாபிலோனின் பெரிய அறிஞர் ராவாவே, தான் முன்பு சொன்னது தவறு என்று எல்லோர் முன்னும் அறிவித்தவர்.

அவர் அனுமதித்தால், அரிசியில் கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று நன்றாகப் பொறுக்கிப் பாருங்கள். அரிசி சாப்பிடும் வீடுகளில் மூன்று முறை பார்ப்பார்கள். இதற்கிடையில் பாட்டியின் நிலை மோசமானால் யாரையும் கேட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.