இந்துப்புக்கு மாறினால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதால், ஆறு மாதங்களாக இந்துப்பில்தான் சமைக்கிறேன். ஆனாலும் அழுத்தம் இறங்கவில்லை. வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். எங்கே தவறு?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் உப்பை மாற்றியிருக்கிறீர்கள், குறைக்கவில்லை. கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு மூன்றிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான் என்பதால், அழுத்தத்தைப் பொறுத்தவரை அவற்றுக்குள் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. அயோடின் சேர்க்காத இந்துப்பாக இருந்தால், அயோடினையும் இழக்கிறீர்கள்.

உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில், நான்கு பேருக்கு ஒரு கிலோ உப்பு 50 நாட்களுக்கு மேல் வர வேண்டும். முப்பதே நாளில் தீர்ந்தால், ஆளுக்கு 8 கிராமைத் தாண்டுகிறது என்று பொருள். கடையில் வாங்கும் ஊறுகாய், மிக்சர், பிஸ்கட், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

சாம்பாரில் உப்பைக் குறைத்த வீடுகளில் அப்பளத்தின் எண்ணிக்கை கூடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்பள மாவில் உப்போடு அப்பளக் காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். ஆகவே முதலில் தட்டின் ஓரத்தைக் கவனியுங்கள்: அப்பளம், மாவடு, மோர்மிளகாய். அடுத்து, சோறு வடிக்கும்போதும் தயிர்சாதம் பிசையும்போதும் உப்புப் போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். குழம்பிலும் பொரியலிலும் வழக்கமான அளவில் கால் பங்கை மட்டும் இப்போது குறைத்து, எலுமிச்சையும் மிளகும் சற்றுத் தாராளமாகச் சேருங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதன் பிறகு இன்னும் குறைக்கலாம்.

சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறி, இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். உங்கள் கணவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. மருந்துச் சீட்டைக் காட்டி, அவருடைய மருத்துவரிடம் கேட்ட பிறகே அந்த உப்பை வாங்குங்கள்.