தார்சாவில் ஒரு சுற்றுப்பாட்டு

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் தெருவைச் சேர்ந்த, 70 வயதைக் கடந்த 14 பேர் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் தார்சாவில் (முன்கூடத்தில்) கூடித் தங்கள் இளமைக் காலத்துப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். ஓர் அணி முதல் வரியை முடித்து அடுத்த வரிக்குப் போகும்போது, இரண்டாம் அணி முதல் வரியைத் தொடங்கும் சுற்றுப்பாட்டு முறையை, எல்லோருக்கும் பிடித்த ஒரு பழைய திரைப்பாட்டைக் கொண்டு முயன்றேன். இரண்டு வாரமும் கூச்சலாகவே முடிந்தது. காது சரியாகக் கேளாத 82 வயது ஆச்சி ஒருவர், “நான் எங்க நிக்கேன்னே தெரியல தாயி” என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு வரவில்லை. இந்த முறையையே விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரி,

விட்டுவிட வேண்டாம். ஆனால் அடுத்த சனிக்கிழமைக்கு முன்பாக அந்த ஆச்சியின் வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். அவர் சொன்னதைத் தம்முடைய இயலாமையைப் பற்றிய வருத்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எடுத்த பாட்டில் என்ன கோளாறு என்பதை உங்கள் 14 பேரில் சரியாகக் கண்டு சொன்னவர் அவர் ஒருவர்தான்.

சுற்றாகப் பாடுவதற்கென்றே அமைந்த பாட்டில் எல்லா வரிகளும் ஒரே நீளத்தில் இருக்கும். முதல் வரியையும் இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் ஒரே நேரத்தில் பாடினாலும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும்படி மெட்டு கட்டப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்றிலேயே, கோடையின் வருகையையும் குயிலின் குரலையும் பாடும் ஒரு பாட்டு, யார் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்ற குறிப்புடன் எழுதப்பட்டிருக்கிறது. நம்முடைய பழைய திரைப்பாட்டுகள் அந்த நோக்கத்தில் பிறந்தவை அல்ல. பல்லவி ஓர் அளவு, சரணம் வேறோர் அளவு, இடையில் வாத்தியங்களுக்கென்று விட்ட இடைவெளி, சரணத்தில் திடீரென்று மேலே ஏறும் மெட்டு என்று அவற்றின் அழகே வேறு. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. நம் பெரியவர்கள் அந்தப் பாட்டுகளைச் சொல்லுக்காகவே பாடுகிறார்கள். ஒரு சொல்லைத் தொட்டதும் கலியாண வீடும் டூரிங் டாக்கீஸும் இலங்கை வானொலி கேட்ட முற்றமும் அவர்கள் கண்முன் வருகின்றன. சொல்லின் மேல் வேறொரு சொல் வந்து விழும்போது பாட்டு மட்டும் கலையவில்லை, அந்த முற்றமும் சேர்ந்தே கலைந்துவிடுகிறது. ஆகவே திரைப்பாட்டுகளை 14 பேரும் ஒரே குரலாகப் பாடுங்கள். அவற்றைச் சுற்றுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சுற்றுக்கு வேண்டிய பாட்டு உங்கள் தார்சாவிலேயே இருக்கிறது. கும்மிப் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். வரிகள் சிறியவை, பெரும்பாலும் ஒரே நீளம், திரும்பத் திரும்ப வருபவை. கைத்தட்டு இடம் தவறாமல் விழும். கார், பிசானம் என்ற இரண்டு நெற்பருவங்களிலும் நடவுக்கு வயலில் இறங்கிய பெண்கள், ஒருத்தி முன்பாட்டை எடுக்க மற்றவர்கள் ‘தன்னானே’ என்று பின்னால் வாங்கிப் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் கூட்டத்திலும் இருப்பார்கள். என் தாயார் அம்பாசமுத்திரம் பக்கத்தில் அப்படி நடவு நட்டவர். கடைசி நாட்களில் எங்கள் பெயர்களையே மாற்றி மாற்றிச் சொன்னவர், அந்தத் தன்னானேயை மட்டும் ஓரிடத்திலும் பிசகவிடவில்லை. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கும், புலவர் விட்ட இடத்தைப் பின்பாட்டுக்காரர்கள் வந்து பிடிக்கும் முறை காதில் ஊறிய ஒன்று. பாளையங்கோட்டை என்பதால் இன்னொன்றையும் கேட்கிறேன்: தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, டெனர் என்று குரல்வாரியாகப் பிரித்துப் பாடிப் பழகியவர்கள் யாரேனும் உங்களிடையே இருக்கிறார்களா? பக்கத்தில் வேறு வரி ஒலித்தாலும் தம் வரியை விடாமல் பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் இரண்டாம் அணிக்கு அவரையே தலைமையாக வையுங்கள்.

மெட்டைத் தேரும்போது மோகன ராகத்தின் சாயலில் இருக்கும் ஒன்றை எடுப்பது நல்லது. மோகனத்தில் ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களே உண்டு. மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லாததால் அரைச் சுர இடைவெளியில் இரண்டு குரல்கள் உரசிக்கொள்ளும் இடமே அதில் இல்லை. யாரேனும் ஒரு வரி முந்தினாலும் பிந்தினாலும் காதை உறுத்தாது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் குரல், துத்தம் முதலான ஏழு சுரங்களின் பெயரைத் தாங்கிய ஏழு பெண்கள் வட்டமாக நின்று ஆடும்போது பாடப்படும் முல்லைத் தீம்பாணி என்ற பண்ணை இன்றைய மோகனமாகவே இசை அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். வட்டமும் மோகனமும் நமக்கு அயலானவை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சுருதியை ஒலிநாடாவைக் கேட்டு வைக்காதீர்கள். வயது ஏற ஏறப் பெண்களின் குரல் தாழும். அக்காலப் பாடகியர் பாடிய உயரம் 70 வயதில் தொண்டையை நெரிக்கும். உங்களில் மூத்தவரை ஒரு தாலாட்டை முனகச் சொல்லி, அவர் குரல் சிரமமின்றி வந்து நிற்கும் இடத்தில் சுருதிப்பெட்டியை வையுங்கள். கைப்பேசிச் சுருதியே போதும்.

முதல் இரண்டு வாரம் சுற்று என்ற பேச்சையே எடுக்காமல், நான்கே வரியுள்ள ஒரு கும்மியை எல்லோரும் சேர்ந்து, தாளைப் பாராமல் பாடும் அளவுக்குப் பழகுங்கள். மூன்றாம் வாரம் நீங்கள் ஒருவர் மட்டும் ஒரு வரி பிந்தி நுழையுங்கள். மற்ற 14 பேரும் தங்கள் வழியே போகட்டும். உங்கள் குரல் அவர்களை அசைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் இரண்டு அணி. மூன்றாம் அணிக்கு நான் அவசரப்பட மாட்டேன். முடிக்கும்போது ஒவ்வோர் அணியாக ஓய்ந்துபோக விட வேண்டாம். கடைசி அணி தனியாக விடப்பட்டுக் கூச்சத்தில் குரலைத் தாழ்த்திவிடும். நீங்கள் கையை உயர்த்தியதும் எல்லோரும் முதல் வரிக்கு வந்து, அதை மூன்று முறை ஒன்றாகப் பாடி நிறுத்தட்டும்.

இனி ஆச்சியைப் பற்றி. முதுமையில் காது மந்தப்படும்போது கூர்மையான ஒலிகளே முதலில் மங்கும். ச, த போன்ற மெய்யொலிகள் தேய்ந்து, உயிரொலிகள் மட்டும் ஓரளவு தங்கும். காது கேட்கும் கருவியோ பக்கத்துக் குரல்கள் அத்தனையையும் சேர்த்தே பெருக்கித் தருவதால், பல குரல்களுக்கு நடுவே ஒன்றைப் பிரித்துக் கேட்பது கருவி அணிந்தவர்களுக்கும் கடினம். அவரை எந்த அணியிலும் சேர்க்காதீர்கள். அடிவரியை அவரிடம் கொடுங்கள்: ஸட்ஜத்திலும் (ச) பஞ்சமத்திலும் (ப) மட்டும் நின்று, தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் வரும் ஒரு ‘தன்னானே’. அவர் யாரையும் தொடர வேண்டியதில்லை, மற்றவர்கள்தாம் அவரைத் தொடர வேண்டும். கும்மித் தட்டு கண்ணுக்குத் தெரிவதால், காதில் விழாத தாளத்தைப் பிறர் கைகளைப் பார்த்தே அவர் பிடித்துக்கொள்வார். அரைவட்டத்தின் நடுவில், எல்லோர் கைகளும் தெரியும் இடத்தில் அவரை உட்காரவையுங்கள். வெறும் சிமென்ட் தரையும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும் என்பதால் தரையில் பத்தமடைப் பாயோ கனமான ஜமுக்காளமோ விரியுங்கள். பாடும் நேரத்துக்கு மட்டும் மின்விசிறியின் வேகத்தைக் குறையுங்கள். நினைவு தளர்ந்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களையும் ஆச்சியோடு அடிவரியில் சேர்த்துவிடுங்கள். பாட்டு அவர்களிடம் இருக்கும். எதிரணியின் வரியைச் சமாளித்துத் தம் வரியைக் காக்கும் சுமைதான் அவர்களுக்குக் கூடாது.

பாட்டுத் தேர்வில் ஒரு கவனம் வேண்டும். ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரை கேட்ட பாட்டுகளே மனத்தில் ஆழப் பதிகின்றன. 82 வயது ஆச்சிக்கு அது 1950களும் 1960களும். 70 வயதுக்காரருக்கு அது ஏறக்குறைய 1960களின் நடுவிலிருந்து 1980களின் நடு வரை. ‘பழைய பாட்டு’ என்று பொதுவாகச் சொல்லும்போது ஒருவருடைய காலம் விடுபட்டுப்போகிறது. ஒரே குரலாகப் பாடும் பகுதியில் வாரம் ஒருவர் தமக்கு வேண்டிய பாட்டைச் சொல்லட்டும். அதைப் பாடும்போது யாரேனும் கண் கலங்கினால் பாட்டை நிறுத்தாதீர்கள், மெல்லப் பாடி முடியுங்கள். அவர் பேச விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் ஒரு தம்ளர் வெந்நீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

ஆச்சியைக் கூப்பிடப் போகும்போது, “உங்களுக்காகச் சுலபமாக மாற்றியிருக்கிறோம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “ஆச்சி, அடிவரியைப் பிடிக்க ஆள் இல்ல, பாட்டு நிக்க மாட்டேங்கு, நீங்க வந்துதான் நிறுத்தணும்” என்று கேளுங்கள். நான் மேலே சொன்னபடி அமைத்தால் அது உண்மையாகவே அப்படித்தான்.